டெண்டர் வருவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டியவை

போன வருடம் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டை ஒட்டிய கொட்டகையில் பன்னிரண்டு தையல் மெஷின் போட்டுச் சீருடை தைக்கிறார். மத்திய அரசு நிறுவனம் ஒன்று ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் கேட்டிருந்த சீருடைகளுக்கு விலை போட்டிருக்கிறார். விலையைப் பிரிக்கும் கட்டத்துக்கே அவர் பெயர் போகவில்லை. ஈ.எம்.டி., அதாவது முன்வைப்புத் தொகை கட்டவில்லை என்று முதல் பரிசீலனையிலேயே தள்ளிவிட்டார்கள்.

"சிறு தொழிலுக்கு அது கட்ட வேண்டாம்னு சொன்னாங்களே சார்?"

சொன்னது சரிதான். சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். முக்கியத் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று இருந்தது. கீழே இருந்த தொழில் எண் 47-இல் தொடங்கியது. அது சில்லறை விற்பனைக்கு உரியது. பக்கத்து பிரவுசிங் சென்டரில் யாரோ பதிந்து கொடுத்திருக்கிறார்கள். இவரும் சான்றிதழை லேமினேட் செய்து சுவரில் மாட்டிவிட்டார். ஒரு தடவைகூட வாசித்துப் பார்க்கவில்லை.

இருபது வருடமாகச் சிறு தொழில்களுக்குக் கணக்கும் வரியும் பார்க்கிறேன். டெண்டரை விலையில் இழந்தவர்களைவிட, இப்படிப் பதிவிலேயே இழந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் மொத்தக் கொள்முதலில் ஆண்டுக்குக் குறைந்தது 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் கொள்முதல் கொள்கை. முதலில் 20 சதவீதமாக இருந்தது, 2018-இல் 25 ஆனது. அதற்குள்ளேயே பட்டியல் இன, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதம், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம் இலக்கு உண்டு. டெண்டர் படிவம் இலவசம், ஈ.எம்.டி. கிடையாது.

ஆனால் இந்தக் கொள்கையின் சலுகைகள் பொருளைத் தானே தயாரிப்பவருக்கும், சேவையைத் தானே செய்பவருக்கும்தான். வாங்கி விற்பவருக்கு இல்லை. 2021-இல் வியாபாரிகளும் உத்யமில் பதியலாம் என்று ஆனது, அவர்களுக்கு அது வங்கியில் முன்னுரிமைக் கடன் பெற மட்டுமே உதவும். தைக்கிற அம்மாவைக் கடைக்காரராகப் பதிந்துவிட்டால், உள்ளே எத்தனை மெஷின் ஓடினாலும் காகிதத்தில் அவர் கடைக்காரர்தான். ஆயத்த ஆடை தைப்பவருக்கான தொழில் எண் 14-இல் தொடங்கும். அந்த இரண்டு இலக்கத்தைப் பார்த்தாலே போதும்.

உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் நீங்களே பதியலாம். முதலீடு, விற்றுமுதல் விவரங்களை வருமான வரி, ஜி.எஸ்.டி. கணக்குகளிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். தளத்தின் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அரசு முத்திரைபோல ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டாயிரம், மூவாயிரம் என்று கறக்கும் தளங்கள் இருக்கின்றன. "உங்கள் உத்யம் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கப் பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். அந்தப் பதிவுக்குக் காலாவதி கிடையாது. விவரம் மாறினால் திருத்தினால் போதும், அதுவும் இலவசம்தான்.

அப்புறம் பெயர். பான் அட்டையில் ஒரு மாதிரி, ஜி.எஸ்.டி.யில் 'அண்டு கோ' சேர்த்து, வங்கிக் கணக்கில் உரிமையாளர் பெயர் மட்டும் என்று மூன்று விதமாக இருந்தால் எங்காவது மாட்டும். ஒரே பெயருக்குக் கொண்டுவர ஒரு மாதம்கூட ஆகலாம். டெண்டர் முடிய ஐந்து நாள் இருக்கும்போது அதைச் செய்ய முடியாது.

டிஜிட்டல் கையெழுத்து பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்துக்கும் மத்திய அரசின் டெண்டர் தளத்துக்கும் மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, யு.எஸ்.பி. டோக்கனில், வேண்டும். பலர் அந்த டோக்கனையும் கடவுச்சொல்லையும் ஏஜென்டிடமே விட்டுவைக்கிறார்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. சட்டப்படி அது உங்கள் கையெழுத்து. என்ன விலை போட்டார்கள், எந்த உறுதிமொழிக்குச் சம்மதித்தார்கள் என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. என்னிடம் கொடுக்க வந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன்.

ஜெம் டெண்டர் ஆவணத்தில், சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவத்திலும் விற்றுமுதலிலும் தளர்வு உண்டா என்று ஒரு வரி இருக்கும். 'இல்லை' என்று போட்டிருந்தால் உத்யம் இருந்தும் பயனில்லை, மூன்று வருட அனுபவம் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, ஈ.எம்.டி. விலக்கு வேறு, ஆர்டர் கிடைத்த பிறகு கட்டும் செயலாக்கப் பிணைத் தொகை வேறு. பின்னதைக் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்தை எடுத்துவைக்காமல் விலை போடாதீர்கள். மாநில அரசுத் துறைகள் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு டெண்டர் சட்டப்படி நடப்பவை. மத்திய அரசின் சலுகை அங்கே அப்படியே செல்லும் என்று எண்ணாமல் ஆவணத்தை வாசியுங்கள்.

விலையிலும் ஒரு வழி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. பெரிய கம்பெனி ஒன்று 100 ரூபாய் போட்டு முதலில் நிற்கிறது, நீங்கள் 112 போட்டிருக்கிறீர்கள் என்று வைப்போம். குறைந்த விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் இருப்பதால், 100-க்கு இறங்கி வரச் சம்மதமா என்று உங்களிடம் கேட்க வேண்டும். சம்மதித்தால், பிரித்துக் கொடுக்கக்கூடிய பொருளாக இருந்தால் குறைந்தது கால்பங்கு ஆர்டர் சிறு நிறுவனங்களுக்கு. துணி, நூல், கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து 103 ஆகிறது என்றால் தைரியமாக விட்டுவிடுங்கள். எடுத்த பிறகு கைவிட்டால் தளத்திலிருந்தே நிறுத்திவைப்பார்கள்.

அந்த அம்மாவின் பதிவை அன்றைக்கே உட்கார்ந்து திருத்தினோம். நான்கு மாதம் கழித்து ஒரு சின்ன ஆர்டர் கிடைத்தது. பணம்தான் வரவில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் பொருளை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், பொருள் போய்ச் சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். இதற்கான அரசுத் தளத்தில் புகார் போட்டால், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். சரி, புகார் போடலாம் என்று டெலிவரி செலானைக் கேட்டேன். எடுத்து வந்தார். கீழே பெறுபவர் கையெழுத்து, பெயர், முத்திரை, தேதி எல்லாம் தெளிவாக இருந்தன. "நீங்க சொன்னீங்கன்னு வண்டியை அரை மணி நேரம் நிறுத்தி வாங்கிட்டு வந்தேன் சார்" என்றார்.