பிசிக்கல் அர்ட்டிகேரியா: தமிழில் எப்படிச் சொல்வது?

நகத்தால் முன்கையில் லேசாக ஒரு கோடு இழுத்தால், சிலருக்கு அது சில நிமிடங்களில் சிவந்து கயிறு போல எழும்பி நிற்கும். அரைமணி நேரத்தில் அடங்கியும் விடும். சிலருக்குப் பனிக்கட்டி பட்ட இடம் தடிக்கும். இன்னும் சிலருக்குத் தோள்பை அழுத்திய இடம் நாலைந்து மணி நேரம் கழித்து வீங்கும். இவற்றுக்கெல்லாம் மருத்துவர்கள் சொல்லும் பொதுப்பெயர் பிசிக்கல் அர்ட்டிகேரியா.

அர்ட்டிகேரியா என்றால் தோலில் எழும் தடிப்பு. அந்தச் சொல்லுக்குள் ஒரு செடி இருக்கிறது. லத்தீனில் உர்டிகா என்பது சுணை குத்தும் செடி, நம் காஞ்சொறியைப் போல. அதன் வேர், எரித்தல் என்று பொருள்படும் உரேரே. ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் 1769-ல் நோய்களை வகைப்படுத்தியபோது இந்தப் பெயரை வைத்தார். அவர் காலத்தில் யாருக்கும் தெரிந்திராத ஒரு பொருத்தம் இதில் உண்டு. அந்தச் செடியின் சுணையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. நம் தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் வெளிவிட்டுத் தடிப்பை உண்டாக்குவதும் அதே ஹிஸ்டமின்தான்.

சரி, தமிழில்? காணாக்கடி என்ற அருமையான சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்துவிட்டது என்று பொருள். காரணம் புரியாமல் திடீரெனத் தோன்றும் தடிப்புக்கு இதைவிட நல்ல பெயர் கிடையாது. ஆனால் இங்கே கடித்தது எது என்று தெரிகிறது: குளிர், வெயில், அழுத்தம், உராய்வு, அதிர்வு. அதனால் இந்த வகைக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை.

பிசிக்கல் என்பதை 'உடல்சார்ந்த' என்று பெயர்ப்பது தவறு. எல்லாத் தடிப்பும் உடலில்தானே வருகிறது? 'இயற்பியல் தடிப்பு' என்றால் நோயாளிக்கு ஒன்றுமே விளங்காது. மருத்துவர்களே இப்போது இதை, வியர்வையாலும் தண்ணீராலும் வருபவற்றோடு சேர்த்து, இன்டியூசிபிள் என்ற பெரிய பிரிவில் வைக்கிறார்கள். அதாவது, ஒன்று தூண்டினால் வருவது. ஆகவே 'தூண்டல் தடிப்பு' என்பதே என் தேர்வு. அதன் கீழ் குளிர்த் தடிப்பு, வெயில் தடிப்பு, அழுத்தத் தடிப்பு. நகக்கீறலில் எழும்புவதற்கு டெர்மோகிராபிசம் என்று பெயர். கிரேக்கத்தில் தோலில் எழுதுதல். 'கீறல் தடிப்பு' என்றால் யாருக்கும் புரியும்.

உதடு, கண்ணிமை போன்ற இடங்களில் தோலின் ஆழத்தில் உப்புவது ஆஞ்சியோஎடிமா. அதைத் தடிப்பு என்னாமல் 'ஆழ்வீக்கம்' என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் அலர்ஜி என்று சொல்லிவிட்டால், என்ன சாப்பிட்டோம் என்றுதான் மனம் தேடும். குளிர்த் தடிப்பு உள்ளவர் குளிர்ந்த நீரில் முழுதாக இறங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழக்கூடும். அவருக்குத் தன் நோயின் பெயரிலேயே 'குளிர்' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும்.