ஐந்து அச்சில் ஓர் ஷண்டிங் எஞ்சின்

ரயில் யார்டில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் எஞ்சினுக்கு வேகம் முக்கியமில்லை, கனம்தான் முக்கியம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றுவது எடையால் மட்டுமே. உலர்ந்த பாதையில்கூட, சக்கரங்களின் மேல் இறங்கும் எடையில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்குதான் இழுவிசையாகக் கிடைக்கும். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும்.

அப்படியானால் எஞ்சினைக் கனமாகச் செய்துவிட்டால் போதாதா? தண்டவாளம் தாங்க வேண்டுமே! பெரும்பாலும் 1067 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள குறுகிய பாதை கொண்ட ஜப்பானில், கிளைப்பாதைகள் பலவும் இலகுவாகப் போடப்பட்டவை. யார்டுக்குக் கனமும் கிளைப்பாதைக்கு லேசும் என இரண்டு எதிரெதிர் நிபந்தனைகளையும் ஒரே வண்டியில் நிறைவேற்றியது டிஇ10 என்னும் டீசல் ரயில் எஞ்சின்.

அதற்கு முன்னால் வந்தது 1958-இன் டிடி13. நான்கு அச்சு, அச்சுக்கு 14 டன், மொத்தம் 56 டன். நடுவில் ஓட்டுநர் அறை, இருபுறமும் பக்கத்துக்கொன்றாக 370 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். 400-க்கும் மேல் கட்டினார்கள். ஆனாலும் நீளமான சரக்கு வரிசைகளைத் தள்ள அந்த எடை போதவில்லை. எஞ்சின் இரண்டு என்பதால் பராமரிப்பு வேலையும் இரட்டிப்பு. குளிர்காலத்தில் பயணிகள் பெட்டிகளைச் சூடாக்கும் நீராவிக் கொதிகலனுக்கோ இடமே இல்லை.

1966-இல் வந்த டிஇ10 ஐந்து அச்சுகளில் நின்றது. அச்சுக்கு 13 டன் வீதம் 65 டன். முந்தையதைவிட மொத்த எடை கூடியது, ஒவ்வோர் அச்சின் சுமையோ குறைந்தது! பத்தில் மூன்று கணக்கைப் போட்டால் இழுவிசை 19.5 டன். சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகி ஒன்றில் இரண்டு அச்சு, இன்னொன்றில் மூன்று. பார்வைக்கு ஒருபக்கம் சாய்ந்த வடிவம்தான். எனக்கென்னவோ அதுவே அழகாகப் படுகிறது. மூன்று அச்சை விறைப்பாக ஒரே சட்டத்தில் பூட்டினால், வளைவில் அது தண்டவாளத்தை வெளிப்பக்கம் நெட்டும். அதனால் அந்த மூன்றும் வளைவுக்கு ஏற்பத் தனித்தனியே அசைந்து கொடுக்கும்படி அமைத்தார்கள்.

இரண்டு எஞ்சினுக்குப் பதில் ஒரே எஞ்சின்: டர்போ பூட்டிய 12 சிலிண்டர் டிஎம்எல்61. முதலில் 1250, பின்னர் 1350 குதிரைத்திறன். டீசல் எஞ்சினால் நின்ற நிலையிலிருந்து நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்ற முடியாது, இடையில் ஏதாவது வேண்டும். ஜெனரேட்டரும் மோட்டாரும் வைக்கலாம், ஆனால் அன்றைய மின்கருவிகள் பெரும் பளு. ஆகவே டார்க் கன்வெர்ட்டரைத் தேர்ந்தார்கள். எஞ்சின் சுழற்றும் பம்ப் எண்ணெயை வேகமாக வீசும். அந்த வீச்சில் டர்பைன் சுழலும். டர்பைனைக் கடந்த எண்ணெயை, நகராத தகடுகள் திசை திருப்பிப் பம்புக்கே அனுப்பும். டர்பைன் மெதுவாகச் சுழலும்போதுதான் எண்ணெய் அதிகமாகத் திசை மாறுகிறது, அப்போதுதான் முறுக்குவிசையும் பெருகுகிறது. நூற்றுக்கணக்கான டன்னை அசைக்கத் தொடங்கும் அந்த முதல் கணத்துக்கு இதுதான் வேண்டும். எண்ணெய் சூடாவதில் கொஞ்சம் ஆற்றல் வீணாகும், அது இதற்குக் கொடுக்கும் விலை.

டர்பைனிலிருந்து ஐந்து அச்சுக்கும் சுழல்தண்டுகள் போகின்றன. எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் ஓர் அச்சு மட்டும் தனியாக வழுக்க முடியாது. கியரை மாற்றினால் யார்டு வேலைக்கு மணிக்கு 45 கிலோமீட்டர், பாதையில் ஓட 85. ஓட்டுநர் இருக்கை பக்கவாட்டில் திரும்பியிருக்கும். முன்னும் பின்னும் மாறி மாறிப் போகிறவருக்குத் தலையைத் திருப்பினால் போதும். கொதிகலன் இல்லாத வகையில், அந்த இடத்தில் வெறும் பளுவை ஏற்றி 65 டன்னைச் சரிக்கட்டினார்கள்.

1978 வரை 708 வண்டிகள். ஜப்பான் தேசிய ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்கள், ஹொக்காய்டோவின் ஓய்வாகேயில் ஷண்டிங் பார்த்தவை, 1976 மார்ச்சில் ஓய்ந்தன. ஆனால் அவற்றை வென்ற டிஇ10-க்கும் நிம்மதி நீடிக்கவில்லை. 1984 பிப்ரவரியில் யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் சரக்கு முறையையே ரயில்வே கைவிட்டது. ஆறேழு வயதுகூட ஆகாத வண்டிகளுக்கும் வேலை போயிற்று. எஞ்சியவை கிடைத்ததைச் செய்தன. கியோட்டோ அருகே சாகானோ சுற்றுலா ரயிலை இழுப்பது ஒரு டிஇ10தான். 2011 நிலநடுக்கத்துக்குப் பின், பான்-எட்சு மேற்குப் பாதையில் எரிபொருள் ஏற்றிச் சென்ற ரயில் ஏற்றத்தில் வழுக்கி நின்றபோது பின்னாலிருந்து தள்ளிவிட்டதும் டிஇ10.

அதன் இடத்துக்கு, தேசிய ரயில்வேக்குப் பின் சரக்கு ரயில்களை ஏற்ற ஜேஆர் சரக்கு நிறுவனம் கொண்டுவந்தவை இரண்டு: லித்தியம் பேட்டரியோடு சிறு டீசல் ஜெனரேட்டர் சேர்ந்த எச்டி300, டீசல்-மின் வகையான டிடி200. இரண்டும் நான்கே அச்சு. டிடி200-இன் எடை 58.8 டன். இப்போதைய மோட்டார்கள் லேசானவை. சக்கரம் வழுக்கத் தொடங்கியதுமே மின்னணுக் கட்டுப்பாடு விசையைக் குறைத்துப் பிடியை மீட்டுவிடுகிறது. ஐந்தாவது அச்சுக்கு அவற்றில் வேலையில்லை.