ராயல்டி: சன்மானம் அல்ல, பங்கு

‘இன்ன பாடகருக்கு அவருடைய பாடல்களுக்கான சன்மானம் கடைசிவரை கிடைக்கவில்லை.’ மேலைநாட்டு இசைக்கலைஞர்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் இந்த வாக்கியத்தைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. மூலத்தில் இருப்பது ராயல்டி. அதைச் சன்மானம் ஆக்கினால் பொருளே தலைகீழாகிவிடுகிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ‘ரெக்ஸ்’ என்றால் அரசன். அந்த வழியில் பழைய பிரெஞ்சில் உருவாகி ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. முதலில் அரசனின் உரிமையைக் குறித்தது. மண்ணுக்கடியில் கிடக்கும் பொன்னும் வெள்ளியும் அரசனுடையவை. தோண்ட அனுமதி பெற்றவன் எடுத்ததில் ஒரு பங்கைச் செலுத்தவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் புதுக்கருவி கண்டவருக்கும் நூலாசிரியருக்கும் இந்தச் சொல் வந்து சேர்ந்தது. விற்கும் ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு என்று படைத்தவருக்குச் சேரவேண்டிய பங்கு, அவ்வளவுதான்.

சன்மானம் மதித்துக் கொடுப்பது. கொடுப்பவர் மனம் வைத்தால் உண்டு. துப்புக் கொடுப்பவருக்குத் ‘தக்க சன்மானம்’ என்று போலீசார் அறிவிக்கிறார்கள். ஒரு சிறுகதைக்குப் பத்திரிகை ஒருமுறை அனுப்பிவைக்கும் பணமும் சன்மானம்தான். அங்கெல்லாம் சொல் பொருந்துகிறது. ஆனால் சன்மானம் வாங்கியவர் கணக்குக் கேட்க முடியாது. ராயல்டிக்கோ கணக்குக் கேட்கும் உரிமைதான் உயிர்.

ஆர்தர் ‘பிக் பாய்’ க்ரூடப்பின் பிற்காலத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்று விளங்கும். 1905இல் மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினப் பாடகர். 1946இல் அவர் பதிவுசெய்த ‘தட்ஸ் ஆல் ரைட்’ பாடலைத்தான் 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில், பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி தம் முதல் இசைத்தட்டுக்காகப் பாடினார். க்ரூடப்பின் மேலும் இரண்டு பாடல்களையும் எல்விஸ் பதிவுசெய்தார். ‘ராக் அண்ட் ரோலின் தந்தை’ என்று பிற்பாடு பட்டம் சூட்டப்பட்ட க்ரூடப், தம் பாடல்களின் வருமானம் தம் கைக்கு வரவில்லை என்று மேலாளர் லெஸ்டர் மெல்ரோஸுடன் பிணங்கி 1950களிலேயே ஒலிப்பதிவை விட்டு விலகியிருந்தார். கள்ளச்சாராயம் விற்றார், பிறகு வர்ஜீனியாவில் கூலிவேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1960களின் கடைசியில் அவரை மீண்டும் பாட அழைத்து வந்தார்கள். டிக் வாட்டர்மேன் என்ற மேலாளர், பாடல்களின் உரிமையை வைத்திருந்த ‘ஹில் அண்ட் ரேஞ்ச்’ பதிப்பகத்துடன் போராடி ஏறக்குறைய 60,000 டாலருக்கு ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். க்ரூடப் தம் பிள்ளைகளுடன் நியூயார்க் போனார். தாள்களில் கையெழுத்துப் போட்டார். அவை பதிப்பக உரிமையாளரின் அறைக்குப் போயின. கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தன. வழக்கில் தோற்றாலும் இவ்வளவு கொடுக்க நேராது என்பது அங்கிருந்து வந்த பதில். ஏழையாகப் பிறந்தேன், ஏழையாக வாழ்கிறேன், ஏழையாகவே சாவேன் என்றார் க்ரூடப். 1974இல் இறந்தார். அவர் போன பிறகே குடும்பத்துக்குப் பணம் வந்தது.

இந்த மனிதர் நியூயார்க்கில் போய் நின்றது சன்மானத்துக்கா? தாம் விதைத்ததில் விளைந்த பங்கைக் கேட்டு நின்றார். ‘சன்மானம் மறுக்கப்பட்டது’ என்று எழுதும்போது, கடன்பட்டவன் வள்ளலாகிவிடுகிறான். கடன் கொடுத்தவர் இரவலர் ஆகிவிடுகிறார்.

சரி, ‘காப்புரிமைத் தொகை’ என்கிறார்கள் சிலர். காப்புரிமை என்பதைப் பேட்டன்ட்டுக்கும் எழுதுகிறோம், காப்பிரைட்டுக்கும் எழுதுகிறோம். ஏற்கெனவே குழம்பிய அந்தச் சொல்லின் வாலில் இன்னொரு பொருளைக் கட்டவேண்டாம். தவிர, கனிமத்துக்கு அரசு வாங்கும் ராயல்டியில் எந்தக் காப்புரிமை இருக்கிறது?

‘உரிமைத்தொகை’ இதைவிட எவ்வளவோ மேல். அதை ஆதரிப்பவர்கள் பலர். கேட்டுப் பெறுவது என்ற பொருள் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. என் மறுப்பு ‘தொகை’யின் மேல். தொகை என்றவுடன் மொத்தமாக எண்ணி வைத்த பணம் நினைவுக்கு வருகிறது. அக்காலத்து இசைத்தட்டு நிறுவனங்கள் பல பாடகர்களிடம் செய்ததும் அதுதான்: ஒரு தொகையைக் கையில் வைத்து, விற்பனையில் பங்கு இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். மறுக்கப்பட்டதன் பெயரையே உரிமைக்கு வைப்பது பொருத்தமா? அதோடு, மகளிருக்கு மாதந்தோறும் 1000 ரூபாய் அளிக்கும் திட்டத்தை 2023இல் அரசு தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் உரிமைத்தொகை என்றால் அந்தப் பணம்தான். மக்கள் நாவில் அந்தப் பொருள் ஊன்றிவிட்டது.

ஆகவே ‘உரிமைப்பங்கு’ என்கிறேன். விற்பனை ஏறினால் பங்கும் ஏறும், இறங்கினால் இறங்கும். இந்த ஓட்டம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பாடலின் உரிமையை வாங்கியவரோடு ராயல்டியைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் உரிமையைப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உறுதிசெய்த 2012 இந்தியப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தை இந்தச் சொல்லால் தடுமாறாமல் விளக்கலாம். முடியாதவர்கள் ராயல்டி என்றே எழுதட்டும். அச்சில் பழகிய சொல்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து வைத்துவிட்டு, யார் யாருக்கு எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று யோசிக்காமல் அடுத்த வரிக்குப் போகும் மொழிபெயர்ப்புதான் பொறுக்க முடியாதது.

கனிமத்துக்கு மட்டும் எனக்கு வேறொரு சொல்லின் மேல் ஆசை. விளைச்சலில் உழுதவன் பங்கைக் குடிவாரம் என்றும், அரசுக்கோ நிலவுடைமையாளருக்கோ போகும் பங்கை மேல்வாரம் என்றும் நம் நிலக்கணக்குகள் பிரித்தே எழுதிவைத்தன. கல்குவாரியிலிருந்து அரசுக்குப் போவது மேல்வாரமேதான்.