சீறுகிற பூனைக்குட்டிக்குள் என்ன நடக்கிறது?

நின்றிருந்த காரின் அடியிலிருந்து மீட்டு வந்த ஐந்து வாரக் குட்டி அது. கையை நீட்டினால் காதைப் பின்னுக்கு மடக்கி, வாயை அகலத் திறந்து சீறும். உடனே பலர், "இது காட்டுத்தனமான குட்டி, பழகாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த அவசர முடிவால் நல்ல வீடு கிடைக்க வேண்டிய எத்தனையோ குட்டிகள் தெருவுக்கே திரும்பிப் போகின்றன. சீறுவது பயத்தால்தான். அதுவும் அந்த வயதில் இன்னும் வேரூன்றாத பயம்.

பிறக்கும்போது குட்டியின் எடை ஏறக்குறைய 100 கிராம். கண் திறக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை வாசனையும் சூடும்தான் அதற்கு உலகம். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை அதன் மூளையில் ஒரு கதவு திறந்திருக்கிறது என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் அடிக்கடி கண்ட முகம், கேட்ட குரல், முகர்ந்த வாசனை எல்லாம் 'ஆபத்தில்லாதவை' என்று பதிவாகின்றன. அப்புறம் பயம் மெல்ல மெல்ல மேலோங்குகிறது. அதன் பிறகு எதிர்ப்படும் புதியவை எல்லாம் முதலில் சந்தேகத்துக்கு உரியவை.

அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1980களில் ஐலீன் கார்ஷ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். சில குட்டிகளை மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் கையில் எடுத்துப் பழக்கினார்கள், சிலவற்றை ஏழாவது வாரத்திலிருந்து. மீதியை 14 வாரம் வரை யாரும் தொடவே இல்லை. மூன்றாவது வாரத்திலேயே பழகியவைதான் மனிதரிடம் வேகமாக வந்தன, மடியில் அதிக நேரம் இருந்தன. தினம் 15 நிமிடம் கொஞ்சப்பட்டவற்றைவிட 40 நிமிடம் கொஞ்சப்பட்டவை இன்னும் நெருக்கமாக இருந்தன. மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுகூட வீண் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? அந்த நேரத்தை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது இன்னும் நல்லது. ஒரே ஆளிடம் மட்டும் வளர்ந்த குட்டி புதியவர்களைக் கண்டு அதிகம் மிரளும்.

அப்பாவின் பங்கும் இதில் உண்டு. தைரியமான ஆண் பூனைக்குப் பிறந்த குட்டிகள் புதிய ஆட்களையும் பொருள்களையும் சீக்கிரம் நெருங்கின என்று சாண்ட்ரா மெக்கூன் என்ற ஆய்வாளர் 1995இல் காட்டினார். அந்தக் குட்டிகள் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவை அல்ல. ஆக, ஒரே மாதிரி வளர்த்த குட்டிகளில் ஒன்று ஓடி வந்து ஏறிக்கொள்ள, இன்னொன்று மூலையிலேயே கிடந்தால், வளர்ப்பவர் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

சரி, சீறும் குட்டியை எப்படி அணுகுவது? தலைக்கு மேலிருந்து கை இறங்கினால் அது பருந்துக்குச் சமம். தரையில் பக்கவாட்டாக உட்காருங்கள். உப்பில்லாமல் வேகவைத்து மசித்த கோழிக்கறியை நீளமான கரண்டி நுனியில் நீட்டுங்கள். நக்கும்போதும் அடித்தொண்டையில் உறுமும், ஆனால் நக்குவதை நிறுத்தாது. பயத்தைப் பசி வெல்லத் தொடங்கும் அந்த இடம்தான் நமக்கு வேண்டியது. அப்போது கண்ணை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். அப்படிச் செய்தவர்களிடம் பூனைகள் நெருங்கி வர அதிகம் விரும்பின என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020இல் காட்டியது.

கண் திறக்காத குட்டி என்றால் கதையே வேறு. அதற்குப் பழக்கத்தைவிட உயிர்தான் முதல் கவலை. முதல் சில வாரங்களில் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் கொடுக்கக் கூடாது. குடல் இயங்காது, பால் நுரையீரலுக்குப் போகும் அபாயமும் உண்டு. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அருகில் வைத்து, சூடு அதிகமானால் நகர்ந்து போக இடமும் விட்டு, முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். பசும்பால் வேண்டாம். பூனைப்பாலில் உள்ள அளவு புரதம் அதில் இல்லை, வயிற்றுப்போக்கும் வரலாம். பூனைக்குட்டிக்கான பால்பவுடரைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்தே ஊட்டுங்கள். தாய் நக்கினால்தான் அதற்குச் சிறுநீரே கழியும். ஏறக்குறைய மூன்று வாரம் வரை சிறுநீர் கழியும் இடத்தை ஈரப்பஞ்சால் நாம்தான் தடவிவிட வேண்டும். தினமும் 10 முதல் 15 கிராம் எடை ஏறுகிறதா என்று சமையலறைத் தராசில் பாருங்கள். உறுமல் போன்ற அந்த 'புர்ர்' சத்தத்தை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள். நோய்ப்பட்ட குட்டியும் அந்தச் சத்தம் போடும்.

தெருவில் குட்டியைக் கண்டால், தூக்குவதற்கு முன் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் இரை தேடிப் போயிருக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

நான்காவது வாரத்துக்கு மேல் கடியும் பிறாண்டலும் தொடங்கும். உடன்பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடியின் அளவு அப்படித்தான் பழகுகிறது. தனியாக வளரும் குட்டிக்கு அந்தப் பாடம் கிடைக்காது. அதனால் விரலை ஆட்டி விளையாடாமல் கயிறு கட்டிய குச்சியை ஆட்டுங்கள். தத்துக் கொடுக்கும்போது முடிந்தால் இரண்டு குட்டிகளைச் சேர்த்தே கொடுங்கள்.

ஏழு வாரம் தாண்டிய குட்டியும் பழகும், பொறுமை அதிகம் வேண்டும். நான்கு மாதமாகியும் மனிதரைக் கண்டால் சுவரேறி ஓடுகிற தெருக்குட்டியை அறைக்குள் அடைப்பதைவிட, தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, பிடித்துவந்த இடத்திலேயே திரும்ப விட்டுச் சோறு வைப்பது அதற்கு நல்லது என்பது என் கருத்து. பெண் குட்டி நான்கைந்து மாதத்திலேயே சினை பிடிக்கக்கூடும் என்பதால், கருத்தடையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.