வினாநிரல்: வினாத்தாள் அல்லாத ஒன்று

ஆய்வுக்காகப் பலரிடம் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதில் திரட்டும் படிவத்துக்கு ஆங்கிலத்தில் கொஸ்டினேர் என்று பெயர். தமிழில் அதன் தலைப்பில் பல சமயம் ‘வினாத்தாள்’ என்று அச்சிட்டுவிடுகிறோம். அதைக் கையில் வாங்கியவர் பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்ப்பார். “இதற்கு எது சரி?” என்று நம்மிடமே கேட்பார். அவர்மேல் குற்றமில்லை. வினாத்தாள் என்றால் தேர்வு. தேர்வு என்றால் சரியும் தவறும் உண்டு, மதிப்பெண் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

இந்த வேறுபாட்டை நம் இலக்கணம் முன்பே பிரித்து வைத்திருக்கிறது. நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடையைத் தான் தெரிந்துவைத்துக்கொண்டு ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. தேர்வுத் தாளில் இருப்பது முழுக்க அறிவினா. ஆய்வுப் படிவத்தில் இருக்க வேண்டியது முழுக்க அறியாவினா.

ஆனால் அங்கே ஏவல்வினா நுழைந்துவிடுகிறது. “பாடம் படித்தாயா?” என்று அம்மா கேட்டால் அது கேள்வி இல்லை, ‘போய்ப் படி’ என்பதுதான். “நீங்கள் தினமும் உடற்பயிற்சி செய்கிறீர்களா?” என்று படிவத்தில் இருந்தாலும் வாசிப்பவர் காதில் அப்படித்தான் விழும். செய்யாதவரும் கூச்சப்பட்டு ‘ஆம்’ போட்டுவிடுவார். “கடந்த 7 நாள்களில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்தீர்கள்?” என்று கேட்டு, ‘ஒரு நாளும் இல்லை’ என்பதை முதல் விடையாக வைத்தால் ஏவல் தணிந்துவிடும். காலவரையறையால் இன்னொரு நன்மையும் உண்டு. ‘வழக்கமாக’, ‘அடிக்கடி’ போன்ற சொற்களுக்கு ஆளுக்கொரு பொருள்; ஏழு நாள் எல்லாருக்கும் ஏழு நாள்தான்.

கொஸ்டினேர் என்ற சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சிலிருந்து வந்தது. அடியில் இருப்பது ‘தேடு, கேள்’ என்று பொருள்படும் குவைரெரே என்ற லத்தீன் வினைச்சொல். பழைய பிரெஞ்சு நீதிமுறையில் ‘கேள்வி’ என்பதற்கே சித்திரவதை செய்து உண்மையை வரவழைத்தல் என்று ஒரு பொருள் இருந்தது. அதைச் செய்தவரையும் இதே கொஸ்டினேர் என்ற சொல்லால் அழைத்தார்கள். எண்பது கேள்வி கொண்ட படிவத்தை யாராவது நீட்டும்போது அந்தப் பழைய பொருள் முழுவதும் வழக்கொழிந்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பரவும் முன்பே இந்தப் பழக்கம் வந்துவிட்டது. மனிதர்கள் உணர்ச்சிகளை முகத்தில் காட்டும் விதம் எங்கும் ஒன்றுதானா என்று அறிய, சார்லஸ் டார்வின் 1867இல் கேள்விகளை அச்சிட்டுப் பல நாடுகளில் இருந்தவர்களுக்கு அனுப்பினார். நினைவு ஏமாற்றும், அதை நம்பிப் பதில் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். போன ஆண்டு நடந்ததை எண்ணிச் சொல்லச் சொல்லும் படிவங்கள் இன்றும் அந்த எச்சரிக்கையை மீறுகின்றன.

தமிழில் என்ன சொல்லலாம்? வினாப்பட்டியல், கேள்விப்பட்டியல் இரண்டும் எளிதில் புரியும். இலங்கையில் வினாக்கொத்து நிலைபெற்ற சொல். ஒரே காம்பில் பிடித்திருக்கும் பூக்களைப் போலக் கேள்விகள் எல்லாம் ஒரே நோக்கத்தில் தொங்குகின்றன என்று காட்டுவதால் அது அழகான ஆக்கம். ஆனாலும் என் வாக்கு வினாநிரலுக்கு. நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு; நிரல்நிறை அணியில் இருப்பதும் அதே நிரல். கொத்தில் எந்தப் பூ முதலில் என்று யாரும் பார்ப்பதில்லை. படிவத்திலோ எது முதலில் வருகிறது என்பதே பதிலை மாற்றிவிடும்.

இதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 1948இல் அமெரிக்காவில் ஹைமன், ஷீட்ஸ்லி இருவரும் செய்த சோதனை. கம்யூனிச நாட்டுச் செய்தியாளர்கள் அமெரிக்காவுக்கு வந்து, தாம் கண்டபடி தம் நாட்டுக்குச் செய்தி அனுப்ப விடலாமா என்பது ஒரு கேள்வி. அமெரிக்கச் செய்தியாளர்களை ரஷ்யா அவ்வாறு விட வேண்டுமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியை முதலிலேயே கேட்டபோது சுமார் 37 சதவீதம் பேர் விடலாம் என்றார்கள். அதையே இரண்டாவதாகக் கேட்டபோது 73 சதவீதம். நம்மவரை அவர்கள் விட வேண்டும் என்று சொல்லி வாய் மூடுவதற்குள், அவர்களை நாம் விடக் கூடாது என்று சொல்ல மனம் வரவில்லை. கேள்வியில் ஒரு சொல்லும் மாறவில்லை; நிரல் மட்டும் மாறியது.

சொல்லை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழே போதும். “சேவை நன்றாக இருந்தது அல்லவா?”, “கட்டணம் அதிகம்தானே?” என்று கேட்டால் பதிலை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. அல்லவா, தானே, இல்லையா மூன்றும் பேச்சில் உறவை வளர்க்கும். படிவத்துக்குள் விடக் கூடாது. அடுத்த ஆபத்து ‘உம்’. “சம்பளமும் வேலை நேரமும் உங்களுக்கு நிறைவளிக்கின்றனவா?” சம்பளம் பிடித்து நேரம் பிடிக்காதவர் எங்கே குறியிடுவார்? எழுதி முடித்த படிவத்தில் ‘உம்’ வரும் இடங்களை வட்டமிட்டுப் பாருங்கள்; பல கேள்விகள் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

எதிர்மறைதான் எல்லாவற்றிலும் சிக்கல். “இரவில் தூக்கம் வருவதில்லையா?” என்றால் ‘ஆமாம்’ என்பவருக்குத் தூக்கம் வருவதில்லை. ‘இல்லை’ என்பவருக்கு? ‘இல்லை, வருவதில்லை’யா, ‘இல்லை, நன்றாக வருகிறது’வா? நேரில் குரலை வைத்துக் கண்டுபிடிப்போம். தாளுக்குக் குரல் கிடையாது. 1992இல் அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பு ஒன்று இப்படித்தான் தடுக்கி விழுந்தது. நாஜிகள் யூதர்களைக் கொன்றழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியமா, சாத்தியமில்லையா என்று கேட்டார்கள். 22 சதவீதம் பேர் சாத்தியம் என்றதாகக் கணக்கு வந்து நாடே அதிர்ந்தது. 1994இல் எதிர்மறையைச் சிக்கெடுத்துக் கேட்டபோது அது 1 சதவீதமாகச் சுருங்கியது.

இதோடு தொடர்புடைய சொற்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். விடைகள் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது மூடிய வினா. சொந்த வார்த்தையில் எழுதச் சொல்வது திறந்த வினா. ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை போகும் படிநிலை, ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வெளியிட்ட முறை. அவர் தம் பெயரை லிக்கர்ட் என்றே உச்சரித்தார். ‘லைகர்ட்’ என்று எழுத வேண்டியதில்லை. சர்வே என்ற சொல் நம்மிடம் நில அளவையோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால், மக்களிடம் கேட்டு அறிவதை அளவாய்வு என்பது குழப்பமில்லாதது. களத்துக்குப் போகும் முன் சிலரிடம் கொடுத்துப் பார்ப்பது முன்சோதனை. அப்போது பதிலைவிட, கேள்வியை அவர் என்னவென்று புரிந்துகொண்டார் என்று சொல்லச் சொல்லிக் கேட்பதே பயன் தரும். தமிழில் ‘கேள்’ என்பதற்கு வினவு, செவிகொடு என்று இரண்டு பொருள் இருப்பது இங்கே வசதியாகப் போய்விட்டது.

ஆய்வேட்டில் வினாநிரல் என்று எழுதுங்கள். பதில் எழுதப்போகிறவர் கையில் கொடுக்கும் தாளில் அந்தச் சொல்கூட வேண்டியதில்லை. ‘உங்கள் அனுபவம் பற்றிச் சில கேள்விகள்’ என்று தலைப்பிட்டு, அதன் கீழே ‘இதில் சரி, தவறு கிடையாது’ என்று ஒரு வரி இருந்தால் போதும். பக்கத்தில் இருப்பவரின் தாளை எட்டிப் பார்க்க மாட்டார்.