உதிர்ந்த கொய்யா மேல் உட்காரும் குளவி

ஆயக்குடிப் பக்கம் ஒரு கொய்யாத் தோப்புக்குப் போயிருந்தேன். மழைக்காலக் காய்ப்பு, மரத்தடி முழுக்கப் பழம் உதிர்ந்து கிடந்தது. தோட்டக்காரர் ஒன்றைப் பிட்டுக் காட்டினார். சதைக்குள் வெள்ளைப் புழுக்கள். தரையில் விழுந்த ஒன்று உடம்பை வளையமாகச் சுருட்டி ஒரு துள்ளு துள்ளியது. பழ ஈயின் புழு, சந்தேகமே இல்லை. பக்கத்துப் பழத்தின் மேல் செம்பழுப்பு நிறத்தில், கட்டெறும்பை விடச் சின்னதாக ஒரு பூச்சி. பின்னால் மயிரிழை போல நீண்ட வால்.

"இதுதான் சார் ஓட்டை போடுது. என்ன மருந்து அடிக்கலாம்?"

அடிக்கவே கூடாது என்றேன். அது வாலல்ல, முட்டையிடும் ஊசி. பழ ஈயின் புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் டையகாஸ்மிமார்ஃபா என்ற ஒட்டுண்ணிக் குளவி அது. ஆளைக் கொட்டாது.

பழத்துக்குள் இருக்கும் புழு அதன் கண்ணுக்குத் தெரியாது. முதலில் மூக்கு வேலை செய்கிறது, அதாவது உணர்கொம்பு. பூஞ்சை பிடித்துப் புளிக்கும் பழத்திலிருந்து கிளம்பும் அசெட்டால்டிஹைடு போன்ற வாடைகள் அதைத் தூரத்திலிருந்தே இழுக்கும். பழத்தில் இறங்கிய பிறகு வாடை போதாது; புழு எந்த இடத்தில் என்று தெரிய வேண்டுமே. அங்குமிங்கும் நடக்கும், சட்டென்று நிற்கும். புழு சதையைக் குடைகிற அதிர்வை வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் ஊசியை இறக்கும். 1981-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த அதிர்வைத்தான் துப்பு என்று காட்டியது. அசையாத புழுவைக் குளவி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

முட்டை வாங்கிய புழு உடனே சாகாது. வழக்கம் போல மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஆனால் அந்தக் கூட்டிலிருந்து வெளியே வருவது குளவி.

ஊசிக்கும் எல்லை உண்டு. பெரிய மாம்பழத்தில் கொட்டைக்குப் பக்கத்தில் கிடக்கும் புழு தப்பிவிடும். அதனால் குளவியை மட்டும் நம்பி இருங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. மெத்தில் யூஜினால் என்ற, ஈயை இழுக்கும் வாடைப்பொருள் வைத்த பொறி தொங்கட்டும். அதில் விழுவது ஆண் ஈக்கள்தான், குளவிக்கு ஆபத்தில்லை. ஆனால் பழத்தின் மேல் தெளிக்கும் தொடு நஞ்சு உள்ளே இருக்கும் புழுவை எட்டுவது அரிது. தோல் மேல் நடக்கிற குளவிதான் சாகும்.

உதிர்ந்த பழத்தை ஆழப் புதைக்கச் சொல்வது வழக்கமான யோசனை. அப்படியே போட்டு வைப்பதை விட நல்லதுதான், ஆனால் குளவியும் சேர்ந்து புதைந்துபோகிறது. ஹவாயில் பழத்தை வலைக் கூடாரத்துக்குள் கொட்டுகிறார்கள். வலைக்கண்ணில் குளவி நுழைந்து வெளியேறும், ஈ மாட்டிக்கொள்ளும். ஓரத்தை மண் போட்டு மூடிவிட வேண்டும், இல்லையென்றால் ஈ அடிவழியாகத் தப்பும்.

அந்தத் தோட்டக்காரரிடம் பத்திருபது பழத்தை மணல் போட்ட வாளியில் வைத்து வேட்டித் துணியால் கட்டச் சொன்னேன். இரண்டாவது வாரம் போன் செய்தார்: "ஈ மட்டுந்தான் சார் வந்திருக்கு. கொட்டிரவா?" குளவி வரச் சில நாள் கூடுதலாக ஆகும், பொறுங்கள் என்றேன். மூன்றாவது வாரம் ஏழெட்டுக் குளவி. வலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.