விளம்பரம்: சொல்லும் பொருளும்

‘விளம்பரம்’ என்ற சொல்லுக்கு மாற்றாக வேறு தமிழ்ச்சொல் வேண்டுமா என்று பார்க்க, முதலில் அதன் வேரைக் காண வேண்டும். ‘விளம்பு’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல் விளம்பரம். விளம்புதல் என்றால் சொல்லுதல். அதிலும், பலரறிய வெளிப்படச் சொல்லுதல். கம்பராமாயணத்தில் ஒருவர் பேசுவதைக் குறிக்க ‘விளம்பினான்’ என்ற வினைமுற்று வருகிறது. அங்கே விற்பதற்கோ வாங்குவதற்கோ எந்த இடமும் இல்லை. குமரி மாவட்டப் பேச்சுவழக்கிலும் மலையாளத்திலும் இதே வினைக்குப் பந்தியில் பரிமாறுதல் என்ற பொருளும் உண்டு. தன்னிடம் உள்ளதை இருப்பவர் எல்லோர்க்கும் எடுத்து வைப்பது என்ற கருத்து இரு பொருளுக்கும் பொதுவாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இசையில் வழங்கும் ‘விளம்ப காலம்’ என்பதும் அறுபதாண்டு வரிசையில் வரும் ‘விளம்பி’யும் வடசொல் வழி வந்தவை, அவற்றுக்கும் இச்சொல்லுக்கும் உறவில்லை.

இன்று நாம் பெரும்பாலும் வணிகத்தோடு சேர்த்தே இச்சொல்லை நினைக்கிறோம். மலையாளத்தில் நிலைமை வேறு. அங்கே விளம்பரம் என்பது அரசு வெளியிடும் பிரகடனம். 1936-இல் திருவிதாங்கூர் மன்னர் பிறப்பித்த கோயில் நுழைவு ஆணையை அந்தச் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். வணிக விளம்பரத்துக்கு அவர்கள் ‘பரசியம்’ என்கிறார்கள். தமிழிலும் பழைய பொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஏல விளம்பரம், அரசு விளம்பரம் என்று இன்றும் எழுதுகிறோம். தன் பெயர் பேசப்பட வேண்டும் என்று அலைபவரை ‘விளம்பரம் தேடுகிறார்’ என்கிறோம்.

ஆங்கிலத்தின் ‘அட்வர்டைஸ்மென்ட்’, ஒன்றை நோக்கித் திருப்புதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தொடக்கத்தில் அதற்கு அறிவிப்பு, எச்சரிக்கை என்ற பொருள்களே இருந்தன. பிரெஞ்சின் ‘ரெக்லாம்’ உரக்கக் கூவுதலிலிருந்து பிறந்தது. ஜெர்மானியரின் ‘வெர்புங்’ என்ற சொல்லுக்கு அடியான வினை, பெண்ணின் மனத்தை நாடுவதற்கும் படைக்கு ஆள் சேர்ப்பதற்கும் வழங்குவது. தமிழ்ச்சொல் வெளிப்படச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. கேட்பவரை இழுக்கும் வேலை அதன் வேரில் இல்லை.

சொல்லுக்கு வணிகப் பொருள் பின்னர் ஏறியது என்றாலும், செயல் மிகப் பழையது. மணிமேகலையின் முதற்காதைக்கே விழாவறை காதை என்று பெயர். இந்திர விழா வரப்போவதை யானைப் பிடரியில் ஏற்றிய முரசை அறைந்து வள்ளுவன் நகருக்கு அறிவிக்கிறான். பட்டினப்பாலையில் வரும் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். தெய்வம் உறையும் வாயிலில் பலரும் தொழும் கொடி, பல நூல் கற்ற ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடி, துறையில் நிற்கும் நாவாய்களின் பாய்மரக் கொடி, கள் விற்கும் இடத்தின் ‘நறவுநொடைக் கொடி’ ஆகிய எல்லாம் அங்கே அடுத்தடுத்துப் பறக்கின்றன. இவையும் பிறவும் நெருங்கியதால் கதிரவனின் ஒளி நுழையாத பதாகை நிழல் நகரில் விழுந்தது என்கிறார் புலவர். வழிபாடு, கல்வி, கடல் வணிகம், கள் விற்பனை ஆகிய நான்கும் தம்மை அறிவித்துக்கொள்ள ஒரே வகைக் குறியைக் கையாண்டன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கள் விற்றவர் புதிதாக ஒரு மொழியைப் படைக்கவில்லை. கோயிலும் அவையும் மக்களுக்குப் பழக்கியிருந்த கொடியைத் தாமும் ஏற்றினார்.

இக்கால விளம்பரமும் அதையே செய்கிறது, ஆனால் எடுத்ததை வேறாக்கித் திருப்பித் தருகிறது. 1929-ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் நியூயார்க் தெருவில் இளம்பெண்கள் சிகரெட் பற்றவைத்து நடந்தார்கள். அதை ஏற்பாடு செய்தவர் மக்கள் தொடர்பு வல்லுநர் எட்வர்ட் பெர்னேஸ், அவருக்குப் பணம் தந்தது ஒரு சிகரெட் நிறுவனம். பெண்கள் நெடுங்காலம் போராடி வளர்த்த விடுதலை என்னும் சொல், சிகரெட்டுக்கு ‘விடுதலைத் தீப்பந்தம்’ என்ற பெயராக மாறியது. இதை நான் ஒரு திருட்டாகவே கருதுகிறேன்.

‘லிஸ்டரின்’ (Listerine) என்னும் வாய் கொப்பளிக்கும் நீர்மத்தின் கதையில் ஓட்டம் எதிர்த்திசையில், விளம்பரத்திலிருந்து பண்பாட்டை நோக்கிச் செல்கிறது. அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரின் பெயரைத் தாங்கி 1879-இல் கிருமிநாசினியாக வந்த அந்த நீர்மம், 1920-களில் வாய் நாற்றத்துக்கு மருந்தாக விற்கப்பட்டது. அதற்காக, வாய் நாற்றத்தைக் குறிக்கும், மருத்துவ நூல்களுக்கு வெளியே அதிகம் வழங்காத ‘ஹாலிட்டோசிஸ்’ என்ற சொல்லை விளம்பரங்கள் எல்லோர் வாயிலும் புழங்கவிட்டன. நண்பர்கள்கூட முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், திருமணம் தள்ளிப்போகும் என்று அச்சமூட்டின. முன்பும் இருந்த ஓர் உடற்குறை, சமூகத்தின் முன் தலைகுனிய வைக்கும் வெட்கமாயிற்று. விளம்பரம் பண்பாட்டை மாற்றுகிறது என்று பொதுவாகச் சொல்லும்போது நாம் காண வேண்டியது இத்தகைய மாற்றத்தைத்தான்: பொருளை வாங்காதவர்களும் அந்த வெட்கத்தைப் பெற்றுக்கொண்டார்கள். ஒளிநகலை ‘ஜெராக்ஸ்’ என்று அழைக்கும் நம் வழக்கும் ஒரு நிறுவனப் பெயர் மொழிக்குள் புகுந்ததன் விளைவே. தன் பெயரைப் பொதுச்சொல்லாக்க வேண்டாம் என்று அந்நிறுவனமே பின்னர் விளம்பரம் கொடுத்து வேண்டிக்கொண்டது.

ஆகவே விளம்பரத்துக்கு மாற்றாக வேறு தமிழ்ச்சொல் தேட வேண்டியதில்லை. அதன் எல்லையை வகுத்துக்கொண்டால் போதும். செய்தியைத் தெரிவிப்பது மட்டுமே நோக்கமானால் அறிவிப்பு. அரசியல் அல்லது சமயக் கருத்தைப் பரப்புவது பரப்புரை. இதற்கு ஈடான ‘புரொபகாண்டா’ என்ற சொல், கிறித்தவ நம்பிக்கையைப் பரப்ப 1622-இல் ரோமில் அமைந்த திருச்சபைக் குழுவின் பெயரிலிருந்து வந்தது. பணம் கொடுத்து இடமோ நேரமோ பெற்று, ஒரு பொருளையோ சேவையையோ விரும்பச் செய்வது விளம்பரம். ‘விளம்பரதாரர்’ என்பதில் உள்ள ‘தாரர்’ பாரசீக வழி வந்த ஈறு. விரும்புவோர் ‘விளம்பரம் தருவோர்’ என்று எழுதலாம், இரண்டும் எல்லோர்க்கும் விளங்கும்.

நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. பணம் பெற்றுக்கொண்டு செய்தியின் வடிவில் வெளியிடும் பக்கங்களுக்குச் ‘சிறப்புப் பகுதி’, ‘வணிகச் செய்தி’ என்று தலைப்பிடுவது பெருகிவருகிறது. பலரறியச் சொல்லுதல் என்று பொருள்படும் சொல் நம்மிடம் இருக்கும்போது, அந்தப் பக்கத்தின் உச்சியில், செய்திக்குரிய அதே அளவு எழுத்தில், ‘விளம்பரம்’ என்றே அச்சிட வேண்டும்.